முதலில் வகுத்துப் பாருங்கள்: பழைய தொலைத்தொடர்பு இணைப்புகளில் அலகுப் பிழையைக் கண்டறியும் வழி

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறையில், “இரண்டு மெகாபிட் குத்தகை இணைப்பு பத்து விழுக்காடு குறைவாக ஓடுகிறது” என்ற புகாருக்காக ஓர் இரவு முழுவதும் மோடத்தை மாற்றியும், கேபிள் முனைகளைப் புதிதாக அடித்தும், எதிர்முனையில் லூப் (அனுப்பியது அப்படியே திரும்பி வரும் இணைப்பு) போடச் சொல்லிப் பிட் பிழைச் சோதனை நடத்தியும் பார்த்திருக்கிறேன். ஒரு பிட் கூடப் பிழையாக வரவில்லை. விடிந்த பிறகு தாளில் கணக்குப் போட்டபோதுதான், ஒப்பந்தத்தில் இருந்த 2048 என்ற எண்ணும் வாடிக்கையாளரின் திரையில் தெரிந்த 231 என்ற எண்ணும் ஒரே இணைப்பைப் பற்றி வெவ்வேறு அலகுகளில் சொல்லப்பட்டவை என்பதும், இரண்டுமே சரி என்பதும் புரிந்தது. அதன் பிறகு ஒரு பழக்கத்தை நான் விடவில்லை. வேகம் பற்றிய புகார் எது வந்தாலும், கருவிப் பையைத் திறப்பதற்கு முன், கிடைத்த எண்ணை எதிர்பார்த்த எண்ணால் வகுத்து மூன்று தசம இடம் வரை எழுதிக்கொள்கிறேன். உண்மையான பழுது இருந்தால் அந்த விகிதம் மணிக்கு மணி மாறும். அலகுப் பிழையென்றால் அசையாமல் நிற்கும். பிழை எந்த இடத்தில் என்பதையும் அதன் மதிப்பே காட்டிக்கொடுக்கும்.

எங்கள் பராமரிப்புக் குழுவில் ஓசூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். ஈதர்நெட்டும் ஃபைபரும் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஈ1, எஸ்டிஎம் என்னும் பழைய இணைப்பு வகைகள் எல்லாம் பாடநூலில் ஒரு பக்கத்தில் கடந்துபோன பெயர்கள். ஆனால் 1948இல் தூரவாணி நகரில் ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலை தொடங்கப்பட்ட இந்த ஊரில், துணைமின்நிலையங்களிலும் பழைய பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) வைத்திருக்கும் அலுவலகங்களிலும் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை மனத்தில் வைத்தே, அறிகுறி வாரியாக இதை எழுதுகிறேன்.

எல்லாக் கணக்கும் தொடங்கும் இடம்

குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதினால் நொடிக்கு 64,000 பிட் வருகிறது. பழைய வலைப்பின்னலின் அடிப்படைக் கல் இதுதான். ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே 125 மைக்ரோநொடி; அந்த இடைவெளியில் இப்படி 8 பிட் கொண்ட 32 டைம்ஸ்லாட்டுகளை (நேரக் கூறுகளை) அடுக்கினால் ஈ1, அதாவது நொடிக்கு 20,48,000 பிட். அமெரிக்காவின் டீ1 அதே இடைவெளியில் 24 டைம்ஸ்லாட்டுகளையும் ஃப்ரேமை (ஒரு சுற்று டைம்ஸ்லாட்டுகளின் தொகுப்பை) குறிக்கும் ஒரே ஒரு பிட்டையும் சேர்த்து 193 பிட் அனுப்புகிறது. நொடிக்கு 15,44,000 பிட்.

இங்கே கிலோ என்பது எப்போதும் 1000. இதைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 2048 என்ற எண் பார்ப்பவரை ஏமாற்றிவிடும். அது 1024இன் இரு மடங்காக இருப்பது தற்செயல். 32ஐ 64ஆல் பெருக்கியதால் வந்த எண் அது. ஈ1இல் நொடிக்கு 20,97,152 பிட் போகும் என்று கணக்கிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை ரவுட்டரின் வேகக் கட்டுப்பாட்டில் எழுதிவிட்டால், கட்டுப்பாட்டின் எல்லை கம்பியின் எல்லையைவிட மேலே போய்விடும். பொட்டலங்களின் (பாக்கெட்டுகளின்) வரிசை அதற்குரிய இடத்தில் நிற்காமல் கம்பியின் வாயிலில் போய் நிற்கும். குரலுக்குக் கொடுத்த முன்னுரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். “முன்னுரிமை கொடுத்தும் குரல் உடைகிறது” என்ற புகாரில் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு, பதினொன்றில் ஒரு பங்கு

விகிதம் 0.125 என்றால் ஒரு பக்கம் பிட், மறுபக்கம் பைட். மேலும் தேடத் தேவையில்லை. 0.1 என்றால் அது ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளுடன் ஓடும் சீரியல் இணைப்பு. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பத்து பிட் செலவாவதால், 9600 பிட் வேகத்தில் நொடிக்கு 960 பைட்டுதான் போகும்.

பதினொன்றில் ஒரு பங்கு என்பது மின்துறைத் தொலையளவுக் கருவிகளில் வரும். ஐஇசி 60870-5-101 நெறிமுறையில் ஒவ்வொரு பைட்டோடும் பிழையைக் காட்டும் இரட்டைப்படைப் பாரிட்டி பிட் ஒன்றும் சேர்ந்து போகிறது. ஒரு துணைமின்நிலையத்தில், சிறிய செய்திகள் ஒழுங்காக வந்தும் நீளமானவை மட்டும் ஒவ்வொரு முறையும் காலாவதியாகிக்கொண்டிருந்தன. மோடம் சூடாகிறது என்று இரண்டு முறை மாற்றியும் இருந்தார்கள். இணைப்பு 1200 பிட் வேகம், செய்தி 250 பைட், காத்திருப்பு நேரம் 2 நொடி. பைட்டுக்கு 8 பிட் என்று கணக்கிட்டால் 1.67 நொடி ஆகும், 2 நொடி தாராளமாகத் தெரியும். 11 பிட் என்று கணக்கிட்டால் 2.29 நொடி. காத்திருப்பை 4 நொடியாக்கியதும் புகார் நின்றது. சிறியது போய்ப் பெரியது மட்டும் நின்றால், கம்பியை விட்டுவிட்டு ஒரு பைட்டுக்கு எத்தனை பிட் என்று கேளுங்கள்.

டயல்-அப் மோடத்தில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. வி.42 பிழைதிருத்தம் இயங்கும்போது மோடம் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளைக் கழற்றிவிட்டே தொலைபேசிக் கம்பியில் அனுப்புவதால், 33,600 பிட் இணைப்பில் நொடிக்கு 3360 பைட்டுக்கு மேலும் வரும். கணக்கைவிட அதிகமாக வந்தால் கருவி பொய் சொல்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

அறிகுறி: மூன்று முதல் பத்து விழுக்காடு வரை குறைவு

பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் நடக்கின்றன. பத்து விழுக்காடு என்பது பணம் திருப்பிக் கேட்கும் அளவுக்குப் பெரியது, பழுது என்று நிரூபிக்க முடியாத அளவுக்குச் சிறியது. பீன்யா இணைப்பையே எடுத்துப் படிப்படியாக இறங்குவோம்.

வாடிக்கையாளர் 2048ஐ 8ஆல் வகுத்து, நொடிக்கு 256 கிலோபைட் வர வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஈ1இன் 32 டைம்ஸ்லாட்டுகளில் பூஜ்யமாவது ஃப்ரேமை அடையாளம் காட்டுவதற்கே போய்விடுகிறது. மீதமுள்ள 31இல் 1984 கிலோபிட், விகிதம் 0.969. பதினாறாவது டைம்ஸ்லாட்டும் குரல் இணைப்பின் சிக்னலுக்குப் போய்விட்டால் மிச்சம் 30, அதாவது 1920 கிலோபிட், விகிதம் 0.9375. உங்கள் அளவீடு இந்த இரண்டில் ஒன்றில் வந்து நின்றால் இணைப்பு முழு நலத்துடன் இருக்கிறது என்று பொருள். ஒரு முனையில் 31, மறுமுனையில் 30 என்று அமைத்திருந்தால் வேகம் குறையாது. இணைப்பே எழாது, அல்லது பிழைகள் கொட்டும்.

1984 கிலோபிட் என்பது நொடிக்கு 2,48,000 பைட். 1500 பைட் கொண்ட ஐபி பொட்டலம் எச்டிஎல்சி (பொட்டலத்தை உறையிட்டுக் கம்பியில் அனுப்பும் நெறிமுறை) உறையோடு 1507 பைட்டாகிறது; அதற்குள் டிசிபி, ஐபி ஹெடர்கள் 40 பைட் போகக் கோப்புக்கு உரியது 1460. ஆகவே கோப்புக்கு 2,40,265 பைட். அடுத்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொடர்ந்து ஐந்து ஒன்றுகள் வந்தால் எச்டிஎல்சி அவற்றின் பின்னால் ஒரு சுழியைத் தானாகச் செருகும். சுருக்கப்பட்ட கோப்பைப் போல ஒழுங்கற்ற பிட்டுகள் போகும்போது இதனால் சராசரியாக 62க்கு ஒரு பிட் கூடுகிறது. அதையும் கழித்தால் சுமார் 2,36,450 பைட். கடைசியாக, வாடிக்கையாளரின் எஃப்டிபி மென்பொருள் 1024 பைட்டை ஒரு கிலோபைட்டாக எண்ணியதால் திரையில் 231 என்று வந்தது. 231ஐ 256ஆல் வகுத்தால் 0.902. பத்து விழுக்காட்டை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு சிறிய கழிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகியிருந்தன, அவ்வளவே.

கழிவுகளைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 1000க்கும் 1024க்கும் உள்ள வேறுபாடு கிலோவில் 0.977, மெகாவில் 0.954. எனவே மென்பொருள் மெகாபைட்டில் காட்டும்போது அதே இணைப்பு இன்னும் மோசமாகத் தெரியும். வாடிக்கையாளரிடம் பேசுவதற்கு முன், அவர் எந்த அலகில் பார்க்கிறார் என்று கேட்பதைவிடத் திரையின் படத்தை அனுப்பச் சொல்வது நல்லது. கேட்டால் எல்லாரும் “மெகாபிட்” என்றுதான் சொல்வார்கள்.

அறிகுறி: அதே 0.9, ஆனால் சிறிய பொட்டலங்களில் வேகம் சரிகிறது

எச்டிஎல்சி இணைப்பின் 0.902க்கும் ஏடிஎம் இணைப்பின் 0.906க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான இடத்தில் தேடுவோம். ஏடிஎம் என்னும் பரிமாற்ற முறை எல்லாவற்றையும் 53 பைட் செல்களாக நறுக்குகிறது. அதில் 5 பைட் ஹெடர், 48 பைட் சரக்கு; 48ஐ 53ஆல் வகுத்தால் அந்த 0.906. பழைய ஏடிஎஸ்எல் இணைப்புகளுக்கு உள்ளேயும் இதே செல்கள்தான் ஓடுகின்றன. 1500 பைட் பொட்டலம் 8 பைட் முன்னுறையும் 8 பைட் பின்னுறையும் சேர்ந்து 32 செல்களில் ஏறும்போது கம்பியில் 1696 பைட் போகிறது, விகிதம் 0.884.

பிரித்தறியும் சோதனை எளிது. 80 பைட் நீளமுள்ள பொட்டலங்களைத் தொடர்ந்து அனுப்பிப் பாருங்கள், பிறகு 81 பைட் பொட்டலங்களை அனுப்பிப் பாருங்கள். ஏடிஎம் வழியில் முதலாவது சரியாக இரண்டு செல்களில் அடங்கும், இரண்டாவது மூன்றாவது செல் ஒன்றையும் கேட்கும். நொடிக்குப் போகும் பொட்டலங்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு சட்டென்று விழும். எச்டிஎல்சியில் அப்படி எந்தப் படிக்கட்டும் இராது. 60 பைட் குரல் பொட்டலம் 106 பைட்டாக வீங்குவதும் இதனால்தான். குரலுக்கு இடம் ஒதுக்கும்போது பொட்டலத்தின் நீளத்தைக் கணக்கிடாமல் செல்களை எண்ணுங்கள்.

அறிகுறி: பயன்பாடு 128 விழுக்காடு என்று காட்டுகிறது

இரண்டு மெகாபிட் இணைப்பில் வரைபடம் நூறைத் தாண்டினால் 1.285 என்ற விகிதத்தைத் தேடுங்கள். அது 1984ஐ 1544ஆல் வகுத்தது. சிஸ்கோ ரவுட்டர்களின் சீரியல் இடைமுகம், நாம் வேறு எண் கொடுக்காதவரை, 1544 கிலோபிட் என்றே தன் அலைவரிசையை அறிவிக்கும். அமெரிக்க டீ1இன் எண் அது. உண்மையான வேகத்தைத் தீர்மானிப்பது கிளாக், அதாவது பிட்டுகளுக்குத் தாளம் போடும் துடிப்பு. இந்த எண் ஓர் அறிவிப்புச் சீட்டு மட்டுமே. ஆனால் கண்காணிப்பு மென்பொருள் அந்தச் சீட்டை நம்பித்தான் விழுக்காடு போடுகிறது.

1984 என்று மாற்றி எழுதுவது ஒரு நிமிட வேலைதான், இருந்தாலும் பகலில் செய்யாதீர்கள். ஓஎஸ்பிஎஃப் (பாதையைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறை) ஓடும் வலைப்பின்னலில் அந்த எண்ணிலிருந்துதான் பாதையின் விலை கணக்கிடப்படுகிறது. 1544க்கு 64 ஆக இருந்த விலை 1984க்கு 50 ஆகிவிடும். இதுவரை காப்பு வழியாக இருந்த இணைப்புக்குப் போக்குவரத்து முழுவதும் திரும்பிவிடக்கூடும். இரு முனைகளையும் ஒரே நேரத்தில், பராமரிப்பு வேளையில் மாற்ற வேண்டும்.

அறிகுறி: எட்டில் ஏழு பங்கு, அல்லது அழைப்பு இணைந்தும் தரவு வரவில்லை

0.875 என்ற விகிதம் அமெரிக்காவோடு பேசிய பழைய இணைப்புகளுக்கு உரியது. டீ1இன் பழைய சிக்னல் முறையில் ஆறு ஃப்ரேமுக்கு ஒரு முறை ஒவ்வொரு தடத்தின் கடைசி பிட்டும் சிக்னலுக்காக எடுக்கப்படும். குரலில் அது காதுக்குத் தெரியாது. தரவிலோ எந்த பிட் போகும் என்று சொல்ல முடியாததால் ஏழு பிட்டையே நம்ப வேண்டும்: 8000 முறை 7 பிட், 56 கிலோபிட். பெங்களூரிலிருந்து 64 கிலோபிட்டாகப் போட்ட ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி) அழைப்பு எதிர்முனையில் ஏற்கப்பட்டும் ஒரு பொட்டலம் கூட ஒழுங்காக வரவில்லையென்றால், அழைப்பின் வேகத்தை 56 என்று அமைத்துப் பாருங்கள். இரண்டு தடங்களைச் சேர்த்த காணொலி அழைப்பு 128க்குப் பதில் 112இல் நிற்பதும் இதுவே.

அறிகுறி: பாடு எண் வேகத்தோடு பொருந்தவில்லை

பாடு (baud) என்பது கம்பியில் நொடிக்கு எத்தனை முறை சைகை மாறுகிறது என்பது. ஒரு மாற்றத்தில் எத்தனை பிட் ஏறுகிறது என்பது மோடத்தைப் பொறுத்தது. வி.22பிஸ் மோடம் 600 பாடில் 2400 பிட்டையும், வி.32 மோடம் 2400 பாடில் 9600 பிட்டையும் அனுப்புகிறது. கம்பி ஆய்வுக் கருவி 600 என்று காட்டியதைப் பார்த்து மோடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டது என்று முடிவு கட்டக் கூடாது. கணினியின் சீரியல் போர்ட் அமைப்பில் “பாடு” என்று எழுதியிருப்பது பிட் வேகத்தைத்தான். இணைந்ததும் திரையில் 115200 என்று வந்தால், அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். தொலைபேசிக் கம்பியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அறிகுறி: எஸ்டிஎம்-1இல் பன்னிரண்டு ஈ1 காணவில்லை

“அண்ணா, எஸ்டிஎம்-1இன் 155.52 மெகாபிட்டை ஈ1இன் 2.048ஆல் வகுத்தால் 75க்கு மேல் வருகிறது, கருவியில் 63தான் ஏறுகிறது, மீதி எங்கே?” என்று புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். வகுத்துப் பார்த்ததற்காகவே அவரைப் பாராட்டினேன், ஏனென்றால் பலரும் 63ஐ மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எஸ்டிஎம்-1 ஃப்ரேமை 9 வரிசையும் 270 நெடுவரிசையும் கொண்ட கட்டமாக வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சிறு கட்டத்திலும் ஒரு பைட்; முழுக் கட்டமும் நொடிக்கு 8000 முறை போவதால் 155.52 மெகாபிட். முதல் 9 நெடுவரிசைகள் வழித்தடப் பராமரிப்புக்கு. எஞ்சிய 261இல் 9 நெடுவரிசைகள் பாதைக் குறிப்புக்கும் இடநிரப்பலுக்கும். மிச்சம் 252. ஒவ்வொரு ஈ1உம் தன் பாதைக் குறிப்பு, சுட்டி எல்லாவற்றோடும் நான்கு நெடுவரிசை எடுத்துக்கொள்கிறது; அதாவது 2.048 அல்ல, 2.304 மெகாபிட் இடம். 252ஐ 4ஆல் வகுத்தால் 63. ஒரு நெடுவரிசை கூடத் தொலையவில்லை.

இதே கட்டத்தில் இன்னொரு பொறியும் உண்டு. ஈ1களை முதலில் பதினாறு பதினாறாகக் கட்டி 34.368 மெகாபிட் ஈ3 ஆக்கி, அதை எஸ்டிஎம்-1இல் ஏற்றினால், மூன்று ஈ3 மட்டுமே ஏறும். மொத்தம் 48 ஈ1. “63 வாங்கினோம், 48 வருகிறது” என்றால் நடுவில் எங்கோ பழைய ஈ3 மல்டிபிளெக்ஸர் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் போகலாம்.

அறிகுறி: உச்ச நேரத்தில் வரைபடம் பள்ளமாகிறது

போக்குவரத்து 114 மெகாபிட் வரை ஏறி, சட்டென்று அடியில் விழுந்து, பிறகு மெல்ல எழுந்தால், அது இணைப்பின் குறை அல்ல. பழைய எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) கவுன்ட்டர் 32 பிட் கொண்டது. 429,49,67,296 பைட் எண்ணியதும் சுழிக்குத் திரும்பிவிடும். எஸ்டிஎம்-1இல் பொட்டலங்களுக்குக் கிடைக்கும் 149.76 மெகாபிட்டும் நிரம்பி ஓடினால் 229 நொடியில் அது ஒரு சுற்றை முடித்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படிக்கும் மென்பொருளுக்கு அந்தச் சுற்று தெரியாது. முழுதாக நிரம்பிய இணைப்பை அது 35 மெகாபிட் என்று வரையும். 64 பிட் கவுன்ட்டருக்கு மாறுங்கள். எஸ்என்எம்பி முதல் பதிப்பில் அது இல்லை என்பதால் பதிப்பையும் 2சி ஆக்க வேண்டும். ஈ1இல் இந்தத் தொல்லை வராது. அங்கே ஒரு சுற்றுக்கு நான்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அறிகுறி: இணைப்பைப் பெரிதாக்கியும் வேகம் ஒரே எண்ணில் நிற்கிறது

விசாட் (செயற்கைக்கோள்) இணைப்பில் 1 மெகாபிட்டை 2 ஆக்கியும் ஒரு கோப்பு நொடிக்கு 950 கிலோபிட்டுக்கு மேல் போகவில்லை என்றால், விகிதம் பயன்படாது. நேரத்தைப் பெருக்க வேண்டும். பழைய டிசிபி ஜன்னல், அதாவது ஒப்புதல் வருவதற்கு முன் அனுப்பக்கூடிய அளவு, 65,535 பைட்டுக்கு மேல் விரியாது. செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் போய்வர ஏறத்தாழ 0.55 நொடி. அத்தனை நேரத்துக்கு ஒரு ஜன்னல் என்றால் நொடிக்கு 953 கிலோபிட். இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பிப் பாருங்கள். மொத்தம் இரட்டித்தால் இணைப்பு சரி, ஜன்னலைத்தான் பெரிதாக்க வேண்டும்.

அறிகுறி: வேகம் சரி, ஆனால் சீரான இடைவெளியில் ஒரு பிழை

தொலைபேசியில் “டக்” என்ற ஓசை, ஃபேக்ஸில் விடுபட்ட வரி, ரவுட்டரில் ஒரு பிழை என்று மூன்றும் கடிகாரம் வைத்தாற்போல் வந்தால், இரு முனைகளின் கிளாக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதற்கும் வகுத்தல்தான் வழி. இரண்டு கிளாக்குகளுக்கும் இடையே பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால், 125 மைக்ரோநொடி நீளமுள்ள ஒரு ஃப்ரேம் 125 நொடிக்கு ஒரு முறை நழுவும். 2 மெகாபிட் இடைமுகத்தில் அனுமதிக்கப்பட்ட எல்லை பத்து லட்சத்தில் 50 பங்கு; அந்த அளவு வேறுபாட்டில் இரண்டரை நொடிக்கு ஒரு நழுவல். இருபக்கமும் தரமான முதன்மைக் கிளாக்குகள் இருந்தால் எழுபத்திரண்டு நாளுக்கு ஒன்றுதான்.

ஆகவே ஒரு கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து இரண்டு பிழைகளுக்கு இடையிலான நொடிகளை எண்ணி, 125ஐ அதனால் வகுத்தால், வேறுபாடு பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று வந்துவிடும். 5 நொடிக்கு ஒன்று என்றால் 25 பங்கு. அது ரவுட்டர் தன் உள் கிளாக்கில் ஓடுவதன் அடையாளம். சேவை நிறுவனத்தின் வலைப்பின்னல் வழியாகப் போகும் இணைப்பில் இரு முனை ரவுட்டர்களும் கம்பியிலிருந்தே கிளாக்கை எடுக்க வேண்டும். நடுவில் யாரும் இல்லாத நேர் கம்பியிலோ மைக்ரோவேவிலோ ஒரு முனை மட்டும் உள் கிளாக்கில் ஓட, மறுமுனை அதைப் பின்தொடர வேண்டும். மாற்றியபின் கவுன்ட்டரைச் சுழியாக்கிவிட்டு ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். நழுவல் எண்ணிக்கை அப்போதும் சுழியிலேயே நின்றால் புகாரை மூடலாம்.